அப்பாவின் புத்தகத்துக்குப் பூட்டு வேண்டுமா?

வாசகர் கேள்வி:

ஐயா, வணக்கம். நான் சிங்கப்பூரில், ஈசூனில் வசிக்கிறேன். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் அப்பா 2022ல் தவறிவிட்டார். உயில் எதுவும் எழுதவில்லை. 1979ல் சொந்தக் காசைப் போட்டு ஒரு சிறுகதைத் தொகுப்பு வெளியிட்டார், 500 பிரதிகள். இப்போது வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் செல்லரித்துப்போய். போன மாதம் அதே புத்தகத்தை யாரோ ஸ்கேன் செய்து ஒரு வாட்ஸ்அப் வாசகர் குழுவில் போட்டிருக்கிறார்கள். அப்பா பெயர் இருக்கும் முதல் பக்கமே அதில் இல்லை. அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. "மின்னூலாக்கி, யாரும் காப்பி எடுக்க முடியாதபடி பூட்டுப் போட்டு விற்போம், அந்தக் குழுவுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்புவோம்" என்கிறான் தம்பி.

இன்னொன்று. கடைசி ஆறு வருடம் அப்பா மின்வாசிப்புக் கருவியில்தான் படித்தார். நூறு தமிழ்ப் புத்தகமாவது வாங்கியிருப்பார். நிறையக் குறிப்பும் எழுதி வைத்திருக்கிறார். அவருடைய கணக்கை என் பெயருக்கு மாற்றித் தரும்படி கடைக்கு எழுதினேன், முடியாது என்று பதில் வந்தது. அம்மாவுக்கு 76 வயது, கண் மங்கிவிட்டது. அவருக்குப் புத்தகத்தைக் குரலில் கேட்க வைக்கலாம் என்று பார்த்தால் அதற்கும் வழியில்லை. பூட்டை உடைக்க மென்பொருள் இருக்கிறது என்கிறாள் உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகள். அப்பா காசு கொடுத்து வாங்கியதை நாங்கள் எடுத்துக்கொள்வது திருட்டா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் பாதியில் பூட்டுப் போடலாமா என்று கேட்கிறீர்கள், அடுத்த பாதியில் பூட்டை உடைக்கலாமா என்று கேட்கிறீர்கள். குறை சொல்வதற்காக இதை எடுத்துக் காட்டவில்லை. இருபது வருடத்துக்கு மேலாகப் பதிப்புரிமை வழக்குகளைப் பார்த்து வருகிறேன். பூட்டுப் போடச் சொல்லி வருகிறவர்களையும் தெரியும், பூட்டுக்கு வெளியே நின்று தவிக்கிறவர்களையும் தெரியும். ஒரே குடும்பம் இரண்டு பக்கமும் நிற்பதை இப்போதுதான் பார்க்கிறேன்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் வாசிப்புக் கருவியை எடுத்து அதன் வைஃபையை இப்போதே அணைத்துவிடுங்கள். கருவியை அவர் கணக்கிலிருந்து நீக்காதீர்கள். 'ரீசெட்' என்று எது கேட்டாலும் தொடாதீர்கள். மாதம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள், போதும். அவர் மறைந்த செய்தியை நீங்களே கடைக்கு எழுதித் தெரிவித்துவிட்டீர்கள். கணக்கை அவர்கள் மூடினால், கருவி இணையத்தைத் தொடும்போது உள்ளே இருப்பவை போய்விடக்கூடும். இணையத்தைத் தொடாத வரை பயமில்லை.

அடுத்து, குறிப்புகள். அது கிண்டில் வகைக் கருவி என்றால் யுஎஸ்பி கம்பியால் கணினியில் இணைத்துப் பாருங்கள். 'டாக்குமெண்ட்ஸ்' என்ற கோப்புறைக்குள் 'மை கிளிப்பிங்ஸ்' என்று ஒரு கோப்பு இருக்கும். சாதாரண எழுத்துக் கோப்பு, எந்தப் பூட்டும் கிடையாது. அப்பா அடிக்கோடிட்ட வரிகள், பக்கத்தில் தட்டி வைத்த குறிப்புகள், எந்தப் புத்தகம், எந்தத் தேதி, எத்தனை மணி எல்லாம் வரிசையாக இருக்கும். ராத்திரி மூன்று மணிக்கு விழித்திருந்து எதைப் படித்தார் என்பதுகூடத் தெரியும். அதை அப்படியே எடுத்து இரண்டு மூன்று இடங்களில் சேமித்து வையுங்கள். ஒரு புத்தகத்திலிருந்து இவ்வளவுதான் வெட்டி எடுக்கலாம் என்று பதிப்பாளர் வரம்பு வைத்திருந்தால், அந்த அளவைத் தாண்டி அடிக்கோடிட்ட வரிகள் மட்டும் கோப்பில் வராது. அவர் எழுதிய குறிப்புகளுக்கு அந்த வரம்பு கிடையாது.

இதில் தயங்க ஒன்றுமில்லை. அடிக்கோடு போட்ட வரி இன்னொருவருடையது, பக்கத்தில் எழுதிய குறிப்பு உங்கள் அப்பாவுடையது. அந்தக் குறிப்புக்குப் பதிப்புரிமை என்று ஒன்று இருந்தால் அது இப்போது உங்கள் குடும்பத்துக்குச் சேரும். தன் கையெழுத்தை அவர் அடுத்தவர் பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தார், அவ்வளவுதான்.

சரி, கணக்கை ஏன் மாற்றித் தரமாட்டேன் என்கிறார்கள்? 'வாங்கினார்' என்று எழுதியிருக்கிறீர்கள். கடையின் பொத்தானிலும் அந்த வார்த்தைதான் இருந்திருக்கும். ஆனால் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் ஒப்பந்தப்படி அவர் வாங்கியது புத்தகத்தைப் படிக்கும் அனுமதியை மட்டும்தான். அந்த அனுமதி அவருடைய பெயருக்கு, அவரோடு முடிகிறது. காகிதப் புத்தகமாக இருந்தால் அவருடைய அலமாரி உங்களுக்கு வந்திருக்கும். பாதியை நீங்கள் வைத்துக்கொண்டு மீதியைப் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் பழைய புத்தகக் கடையில் போட்டிருக்கலாம், யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். மின்னூலில் அந்தப் பேச்சே கிடையாது.

இந்த வித்தியாசம் உலகத்துக்கு உறைத்தது 2009ல். உரிமை இல்லாத ஒருவர் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலை அமேசான் கடையில் விற்றுவிட்டார் என்பதற்காக, ஏற்கெனவே காசு கொடுத்தவர்களின் கருவிகளிலிருந்து அந்த நாவலை அமேசான் தொலைவிலிருந்தே அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். குடிமக்களைக் கண்காணிக்கும் அரசு பழைய பத்திரிகைச் செய்திகளை அழித்து எழுதுவது பற்றிய நாவல் அது. இதைவிடப் பொருத்தமான புத்தகம் அவர்களுக்குக் கிடைத்திருக்காது. 2019ல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையையே மூடியது. அதில் வாங்கிய புத்தகம் எல்லாம் ஒரே நாளில் திறக்காமல் போயிற்று. அங்கேயும் பணம் திரும்பி வந்தது, ஓரத்தில் எழுதிய குறிப்புகளுக்கென்று கொஞ்சம் கூடுதல் தொகையும் கொடுத்தார்கள். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரியிலிருந்து, அனுமதியை மட்டும் விற்கிற கடை 'வாங்குங்கள்' என்று போட்டால் அது வெறும் அனுமதிதான் என்பதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இங்கேயும் அப்படி ஒரு விதி வந்தால் நல்லது என்பது என் கட்சி.

இப்போது மகள் சொன்ன மென்பொருளுக்கு வருகிறேன். திருட்டா என்று கேட்டீர்கள். திருட்டில்லை. ஆனால் வேண்டாம் என்பேன்.

நம் சட்டத்தில் பிரதி எடுப்பது ஒரு கணக்கு, பூட்டைத் திறப்பது வேறு கணக்கு. ஒரு பகுதியைப் பிரதி எடுத்தது நியாயமான பயன்பாடுதான் என்று வாதாடி ஜெயிக்கலாம். பூட்டைத் திறந்ததற்கு அந்த வாதம் ஓடாது. இந்த விதி இங்கே முளைத்தது அல்ல. 1996ல் உலக அறிவுசார் சொத்து அமைப்பின் ஒப்பந்தம், 1998ல் அமெரிக்கச் சட்டம், 2003ல் அமெரிக்காவுடன் நாம் கையெழுத்திட்ட தடையற்ற வர்த்தக உடன்பாடு என்று படிப்படியாக வந்து சேர்ந்தது. உடன்பாட்டுக்கு ஏற்பச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டத்திலும் அது தொடர்கிறது. வியாபாரத்துக்காகப் பூட்டை உடைப்பதும் உடைக்கும் கருவியை விற்பதும் குற்றவியல் விவகாரம். வீட்டுக்குள் சொந்தத் தேவைக்காக உடைப்பது, உரிமையாளர் வழக்குப் போடக்கூடிய சிவில் தவறு. சில தரப்பினருக்கு விதிவிலக்கு உண்டு, வாரிசுகளுக்கென்று ஒன்றை நான் பார்த்ததில்லை.

உங்கள் மீது யாராவது வழக்குப் போடுவார்களா என்றால், என் அனுபவத்தில் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆனாலும் ஒரு வழக்கறிஞராக 'பரவாயில்லை, செய்யுங்கள்' என்று எழுத முடியாது. கண்ட கண்ட இடத்திலிருந்து இறக்கிய மென்பொருளை, வங்கிக் கணக்கும் அரசாங்கச் சேவைகளுக்கான சிங்பாஸ் கணக்கும் திறக்கிற கணினியில் ஓட்டுவது எனக்குப் பிடிக்கவும் இல்லை. குறிப்புகளோ பூட்டில்லாமலே கிடைக்கின்றன. பிறகு எதற்கு உடைப்பானேன்? கருவி உயிரோடு இருக்கும் வரை புத்தகங்களை அதிலேயே படியுங்கள்.

மகளிடம் என்ன சொல்வது என்பதுதான் எனக்குக் கஷ்டமான கேள்வி. தேக்கா பக்கத்தில் அந்தக் காலத்தில் கேசட் பதிந்து கொடுக்கும் கடைகள் இருந்தன. தாளில் பாட்டை எழுதிக் கொடுத்தால், அறுபது நிமிடக் கேசட்டா தொண்ணூறா என்று கேட்டு, மறுநாள் தயாராக வைத்திருப்பார்கள். என் அக்கா கல்யாணத்துக்கு ஓடிய பாட்டெல்லாம் அப்படிப் பதிந்ததுதான். சட்டப்படி அது மீறல், எங்கள் வீட்டில் யாருக்கும் அப்படி ஒரு நினைப்பே வந்ததில்லை. இன்று உங்கள் வீட்டில் காசு கொடுத்துத்தான் எல்லாம் வாங்கியிருக்கிறீர்கள், ஆனாலும் 'திருட்டா' என்று கூச்சத்தோடு கடிதம் எழுதுகிறீர்கள். முப்பது நாற்பது வருடத்தில் இந்தப் பூட்டுகள் செய்த வேலை இதுதான் என்று நினைக்கிறேன். திருடுகிறவர் எப்படியும் எங்கிருந்தோ எடுத்துக்கொள்கிறார். குற்ற உணர்ச்சி காசு கொடுத்தவருக்கு வந்து சேர்கிறது. தாத்தா காசு கொடுத்தார், கடை பொருளைக் கொடுக்காமல் அனுமதியைக் கொடுத்தது, அது சரியில்லை என்று தாத்தாவின் பேத்தி நினைப்பதில் தப்பில்லை. இப்படியே சொல்லுங்கள்.

அம்மா விஷயம் உங்கள் கடிதத்தில் மூன்றே வரி. எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது.

2009 தொடக்கத்தில் அமேசான் விற்ற கிண்டிலில் புத்தகத்தைக் குரலாக வாசிக்கும் வசதி இருந்தது. ஒலிநூல் உரிமை தனி, அதை நாங்கள் விற்கவில்லை என்று அமெரிக்க எழுத்தாளர் சங்கம் எதிர்த்தது. அமேசான் இறங்கிவந்து, அந்த வசதியைப் புத்தகவாரியாக அடைக்கும் உரிமையைப் பதிப்பாளர் கையில் கொடுத்தது. பார்வையற்றவர்கள் நியூயார்க்கில் சங்க அலுவலகத்துக்கு வெளியே நின்று போராடினார்கள். எழுத்தாளர் தரப்புக்கும் ஒரு நியாயம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் கண் தெரியாதவரிடம் 'நீ கேட்பதற்குத் தனிக் காசு' என்று சொன்னதாகத்தான் அது போய் முடிந்தது. இந்த மாதிரிச் சங்கடங்கள் சேர்ந்துதான் 2013ல் மராகேஷ் ஒப்பந்தம் வந்தது. அச்சைப் படிக்க முடியாதவர்களுக்காக, உரிமையாளரிடம் கேட்காமலே அவர்கள் படிக்கக்கூடிய வடிவில் பிரதி எடுக்கலாம், பூட்டு அதற்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்பது அதன் சாரம். நடப்புக்கு வர 20 நாடுகள் சேர வேண்டியிருந்தது. சிங்கப்பூர் 2015லேயே சேர்ந்துவிட்டது.

எனவே அம்மாவை ஒருநாள் தோ பாயோ ரைஸில் இருக்கும் பார்வைக் குறைபாடுடையோர் சங்கத்துக்கு அழைத்துப் போங்கள். திறன்பேசியில் குரல் வாசிப்பைப் பழக்கிக்கொள்வதற்கு அவர்களிடம் கேட்கலாம். தமிழை இப்போது திறன்பேசிகள் ஓரளவு நன்றாகவே வாசிக்கின்றன. ழகரத்தை மட்டும் மன்னித்துவிட வேண்டும். பழைய இலக்கியம் என்றால் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் எக்கச்சக்கமாக இருக்கிறது. எல்லாம் பூட்டில்லாத எழுத்து, அப்படியே திறந்து வாசிக்கச் சொல்லலாம். அப்பா வாங்கிய புத்தகங்களில் அம்மாவுக்கு வேண்டியவை நாலைந்து என்றால், அவற்றின் பதிப்பாளர்களுக்கு நேரடியாக எழுதிப் பாருங்கள். தமிழ்ப் பதிப்பாளர்களில் பலர் ஒரு மின்னஞ்சலுக்கு இரங்குகிறவர்கள்.

இனி அப்பாவின் புத்தகம்.

நீங்கள் அனுப்பிய இரண்டையும், அதாவது உங்கள் பிரதியின் படங்களையும் அந்தக் குழுவில் வந்த பிடிஎஃப்பையும், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வக்கீல் புத்தி, எது எங்கே குறைகிறது என்று எண்ணாமல் இருக்க முடியாது. ஸ்கேனில் தலைப்புப் பக்கம் இல்லை, நீங்கள் சொன்னது சரி. 17ஆம் பக்கத்தின் மூலையில் ஒரு கட்டைவிரல் விழுந்திருக்கிறது. முதல் கதையின் தலைப்புக்கு மேலே பென்சிலில் '1981 பொங்கல்' என்று எழுதி அடித்திருக்கிறது. ஆக, யாரோ ஒருவர் நாற்பது வருடத்துக்கு மேல் அதைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்திருக்கிறார். தலைப்புப் பக்கத்தை அவர் வேண்டுமென்றே எடுத்தாரா, பழைய பசை விட்டு அதுவே உதிர்ந்துபோனதா என்பது படத்தைப் பார்த்தால் தெரியவில்லை. 1979ல் அச்சான புத்தகத்தில் முதல் தாளும் கடைசித் தாளும்தான் முதலில் போகும்.

உங்கள் பிரதியிலும் ஒன்று கவனித்தேன். கடைசியில் சொல்கிறேன்.

உரிமை யாருக்கு? சொந்தக் காசில் வெளியிட்டார், உரிமையை யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை என்றால் அது அவருடையது. உயில் இல்லாததால், முஸ்லிம் அல்லாதவர்களுக்கான வாரிசுச் சட்டப்படி பாதி அம்மாவுக்கு, மீதி உங்களுக்கும் தம்பிக்கும் கால் கால். அதாவது தம்பி தனியாக முடிவெடுக்க முடியாது, நீங்களும் முடியாது. அம்மாவின் சொல்லுக்குத்தான் கனம் அதிகம். அவரிடம் கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. அட்டைப் படம் வரைந்தவர் வேறொருவர் என்றால் அந்த உரிமை தனி, அவர் குடும்பத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் புது அட்டை போட்டுக்கொள்ளலாம்.

எத்தனை காலம்? எழுத்தாளர் மறைந்த பிறகு 70 ஆண்டு, அந்த ஆண்டு முடியும் வரை. 2022ல் மறைந்தார் என்றால் 2092 டிசம்பர் 31. உங்கள் மகளுக்கு அப்போது எண்பது தாண்டியிருக்கும். துறைமுகத்தில் ஷிஃப்ட் முடித்து வந்து ஒருவர் எழுதிய பன்னிரண்டு கதைகளை அவருடைய பேத்திக்கு எண்பது வயதாகும் வரை அனுமதி இல்லாமல் யாரும் அச்சிட முடியாது. பெயர்பெற்ற எழுத்தாளர் என்றால் யாராவது தேடி வந்து அனுமதி கேட்பார்கள். மற்றவர்கள் புத்தகத்துக்கு என்ன ஆகும் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும், உங்கள் அலமாரியில் ஒன்றுதான் மிச்சம்.

அந்தக் குழு செய்தது மீறல்தானா? ஆமாம். முழுப் புத்தகத்தையும் போட்டது நியாயமான பயன்பாட்டில் அடங்காது. 2021 சட்டம் படைப்பாளியின் பெயரைச் சொல்லியாக வேண்டும் என்ற உரிமையையும் புதிதாகக் கொண்டுவந்தது. உங்களை அழ வைத்தது பிரதி எடுத்ததைவிடப் பெயர் விடுபட்டதுதான் என்று எனக்குப் படுகிறது. கோபப்பட உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ஆனால் நோட்டீஸ் வேண்டாம். இதைக் கொஞ்சம் வெட்கத்தோடு சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிள்ளைகளுக்கான தமிழ்ப் பாட்டுக் குறுந்தட்டு வெளியிட்ட ஒருவருக்காக ஒரு கடிதம் எழுதினேன். ஒரு பாலர் பள்ளி ஆசிரியை அதைப் பத்துப் பன்னிரண்டு பிரதி எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார். கடிதம் போன நாலாம் நாள் அவரே அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் பிள்ளைகளிடம் திரும்ப வாங்கிய தட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் பெயர் ஸ்டிக்கர். காசோலையை நீட்டியபோது கை நடுங்கியது. நாங்கள் வாங்கிக்கொண்டோம். என் கட்சிக்காரருக்குத் திருப்தி. அதன் பிறகு அந்தப் பள்ளி அவரிடமிருந்து ஒரு தட்டும் வாங்கவில்லை என்று பின்னால் அவரே சொன்னார். 2007ல் ஜப்பானிய அனிமே பதிவிறக்கத்துக்காக வீடு வீடாகச் சில ஆயிரம் வெள்ளி கேட்டுக் கடிதம் வந்தது பலருக்கு நினைவிருக்கும். சட்டப்படி அதில் ஒரு பிடி இருந்தது. பெற்றோர் மனத்தில் என்ன மிஞ்சியது என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

தம்பி சொல்லும் பூட்டைப் பற்றி. யாரும் காப்பி எடுக்கக் கூடாது என்கிறார். உங்களை அழ வைத்த காப்பி எதிலிருந்து வந்தது? காகிதத்திலிருந்து. நாளை நீங்கள் மின்னூலுக்கு எவ்வளவு பெரிய பூட்டுப் போட்டாலும், 1979 பிரதி வைத்திருக்கும் அடுத்த ஆள் திறன்பேசியைத் தூக்கினால் ஒரு மணி நேர வேலை. அந்தப் பூட்டு யாரை நிறுத்தும்? அம்மாவை நிறுத்தலாம். கருவி மாற்றுகிற வாசகரை நிறுத்தும். கடை மூடினால் எல்லோரையும் நிறுத்தும். இசைத் துறை இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. 2005ல் சோனி பிஎம்ஜி நிறுவனம் குறுந்தட்டுக்குள் ஒளித்து வைத்த தடுப்பு மென்பொருள், வாங்கியவர்களின் கணினிக்கே ஆபத்தாகி, தட்டுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 2009ல் ஆப்பிள் தன் ஐடியூன்ஸ் கடையில் விற்கும் பாட்டுகளுக்குப் பூட்டையே எடுத்துவிட்டது. பாட்டு விற்பது நின்றுபோகவில்லை.

எல்லாப் பூட்டும் வீண் என்று சொல்லவில்லை. நூலகத்தின் மின்னூல் இரவலில் மூன்று வாரத்தில் புத்தகம் தானாகத் திரும்பிப் போவதும் ஒரு பூட்டுதான், அது எனக்குச் சம்மதம். அது இல்லாமல் இரவல் என்பதே கிடையாது. ஆனால் அங்கேயும் அளவு மீறினார்கள். 2011ல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம், நூலகங்களுக்கு விற்ற மின்னூல் 26 இரவலுக்குப் பிறகு காலாவதி என்று அறிவித்தது.

என் யோசனை இது. புத்தகத்தை மின்னூலாக்குங்கள், பூட்டில்லாமல். படமாக விடாமல் எழுத்தாகவே மாற்றுங்கள், அப்போதுதான் அம்மாவின் திறன்பேசி வாசிக்கும். படத்தை எழுத்தாக்கும் ஓசிஆர் மென்பொருள்கள் தமிழுக்கும் இருக்கின்றன. ஆனால் இது சீர்திருத்தத்துக்கு முந்திய எழுத்து. 'லை', 'னை', 'ணை' எல்லாம் யானைத் தும்பிக்கையோடு இருக்கின்றன. மென்பொருள் அங்கங்கே உளறும். ஒரு பக்கம் சோதித்துப் பார்த்தேன், 'மாலை' என்பது மூன்று இடத்தில் மூன்று விதமாக வந்தது. மெய்ப்புப் பார்க்கப் பொறுமை வேண்டும். மகளைத் துணைக்கு உட்கார வையுங்கள், பூட்டு உடைக்கிற ஆர்வத்தை இதில் காட்டட்டும்.

தம்பிக்கு விற்கத்தான் வேண்டும் என்றால் விற்கலாமே. அமேசானில் பதிவேற்றும்போது பூட்டு வேண்டுமா என்று ஒரு கேள்வி வரும், வேண்டாம் என்று தேர்ந்தெடுங்கள், மூன்று நான்கு வெள்ளி விலை வையுங்கள். உரிமை உங்களிடமே இருக்கும். பூட்டில்லை என்பதால் பதிப்புரிமை போய்விடாது, இதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடுவேன். பெயரைச் சொல்லிப் பகிரலாம், காசாக்கக் கூடாது என்று அதில் நிபந்தனை போட முடியும். உங்களைச் சுட்டது பெயர்தான் என்றால், அந்தப் பெயரை நிபந்தனையாக எழுதி ஊரெல்லாம் அனுப்பும் வழி இது. ஆனால் இது திரும்பப் பெற முடியாத முடிவு. மூவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட பிறகு செய்யுங்கள்.

பாரதி பாடல்களை ஒலிப்பதிவில் பயன்படுத்தும் உரிமை ஒரு காலத்தில் ஏவி.எம். மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. பாரதி எல்லோருக்கும் பொது என்று குரல் எழும்பி, 1949ல் சென்னை மாகாண அரசு உரிமையைத் தன் வசமாக்கி, பின்னர் பொதுவுக்கு விட்டது. பாரதிக்காக அரசாங்கமே முன்வந்தது. நம் ஊர்ச் சிறுகதைக்காரருக்கு மனைவியும் மகளும் மகனும்தான் அரசாங்கம்.

அதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். 2015ல், நாட்டின் 50 ஆண்டு நிறைவை ஒட்டி, 1965க்குப் பிறகு வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களைத் தொண்டூழியர்கள் மின்னூலாக்கித் தேசிய நூலக வாரியத்திடம் சேர்த்தார்கள். எழுத்தாளர்களையும் குடும்பங்களையும் தேடிப் பிடித்து அனுமதி வாங்கிச் செய்த வேலை அது. அப்பா அப்போது உயிரோடு இருந்தார். அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கவும் கூடும், வீட்டில் சொல்லாமல். நூலகத்தின் புக்எஸ்ஜி தளத்தில் தலைப்பைத் தட்டிப் பாருங்கள். இல்லையென்றால் விக்டோரியா ஸ்ட்ரீட்டில் இருக்கும் தேசிய நூலகத்துக்குப் போய் நீங்களே கொடுங்கள். கூடவே நியூஸ்பேப்பர்எஸ்ஜியில் அப்பா பெயரைத் தேடுங்கள், பழைய தமிழ் முரசு இதழ்கள் அங்கே இருக்கின்றன. தொகுப்பில் சேராத கதை ஏதாவது அகப்படலாம். சில ஆண்டுகளை நூலகத்துக் கணினியில்தான் பார்க்க முடியும் என்று சொன்னால் எரிச்சல் படாதீர்கள், அதுவும் பதிப்புரிமையால்தான்.

இப்போது உங்கள் பிரதியில் கவனித்த அந்த விஷயம். 60ஆம் பக்கத்துக்குப் பிறகு நேராக 65 வருகிறது. இரண்டு தாள் இல்லை. கடிதத்தில் நீங்கள் குறிப்பிடாததால், இதுவரை பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன். ஒன்பதாவது கதையின் முடிவும் பத்தாவதின் தொடக்கமும் அந்த நாலு பக்கத்தில்தான் இருக்கின்றன. ஸ்கேனில் அவை இருக்கின்றன, 62 மட்டும் ஓரம் வெட்டுப்பட்டு ஒவ்வொரு வரியிலும் கடைசி இரண்டு எழுத்துப் போயிருக்கிறது.

அதனால் அந்தக் குழுவுக்கு எழுதும் முதல் செய்தியை இப்படித் தொடங்குங்கள்: வணக்கம், இந்தப் புத்தகத்தை எழுதியவரின் மகள் நான், அவர் பெயர் இன்னது. பெயரைப் போடச் சொல்லுங்கள், தலைப்புப் பக்கத்தின் படத்தை நீங்களே அனுப்பி வையுங்கள். அப்புறம், புத்தகம் யாரிடம் இருக்கிறது, 61லிருந்து 64 வரை தட்டையாக வைத்து மறுபடி ஒருமுறை ஸ்கேன் எடுத்துத் தர முடியுமா என்று கேளுங்கள். அந்த ஓரமும் விழ வேண்டும் என்று சொல்ல மறக்காதீர்கள்.